பெயர், ஊர், இடம், குறை

உன் பெயரை எழுதாமல் தொடங்குகிறேன். அந்தப் பெயரை வைத்தது நான்தான். அம்மா பைபிளிலிருந்து ஒன்றைத் தேடி எடுத்து வைத்திருந்தாள். நான் பிடிவாதம் பிடித்து வேறொன்றை வைத்தேன். அப்படிச் சண்டை போட்டு வைத்த பெயரை இன்றைக்கு ஒரு காகிதத்தில் எழுத எனக்குத் தைரியம் இல்லை. நீ எங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். இந்தச் சிறு பத்திரிகையை நடத்துகிறவர் என் பழைய சிநேகிதர். எட்டாவது படிக்கும்போதே நீ இதை ஒரு வரி விடாமல் படிப்பாய். காட்டுக்குள் இருந்தாலும் ஒரு பழைய பிரதியாவது என்றைக்காவது உன் கைக்கு வரும் என்கிற நப்பாசையில் இங்கே எழுதுகிறேன். உனக்கு முன்னால் போலீஸ்காரர்கள் இதைப் படிப்பார்கள். படிக்கட்டும். என் வீடு, நான் டீ குடிக்கிற கடை, என் சர்க்கரை வியாதி வரைக்கும் அவர்களுடைய ஃபைலில் ஏற்கெனவே இருக்கிறது.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசுவதை மேடையோடு விட்டுவிட்டேன். அம்மா ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாகிவிட்டாள். டாக்டர் வாரக் கணக்கிலிருந்து நாள் கணக்குக்கு இறங்கிவிட்டார். உன்னைக் கேட்கிறாள். இந்த ஆறு வருடமாக நீ வீட்டுப் பக்கம் வராததற்குப் போலீஸ் மட்டும் காரணம் இல்லை, நானும் காரணம் என்று எனக்குத் தெரியும். புத்தூர் மாந்தோப்பில் உன்னைப் பிடிக்க ஜீப் வந்ததே, அன்றைக்கு உன்னைக் காட்டிக்கொடுத்தவன் உன் தகப்பன், இந்த நைனாதான் என்று நம்புகிறாய். அதற்குப் பிறகு யார் கையிலோ கொடுத்தனுப்பிய சீட்டில் இரண்டே வரி எழுதியிருந்தாய். "அன்னிக்கு ஜெயில்ல கையெழுத்துப் போட்ட. இன்னிக்கு எங்க போட்ட, நைனா?" அந்தச் சீட்டு என் சட்டைப் பையில் கிடந்து மடிப்பு மடிப்பாகக் கிழிந்துவிட்டது. ஆறு வருடமாகப் பதில் சொல்லாதவன் இன்றைக்குச் சொல்கிறேன். ஆமாம், நான்தான். ஆனால் நீ நினைக்கிற மாதிரி இல்லை. நடந்தது அதைவிடக் கேவலம்.

அதைச் சொல்வதற்கு முன்னால், நான் எப்படி எம்.பி. ஆனேன் என்பதை உனக்கு நிஜமாகச் சொல்ல வேண்டும். போராட்டம், சிறை, தியாகம் என்று வேறு கதை சொல்லி உன்னை வளர்த்துவிட்டேன். உண்மையில் நான் ஒரு நல்ல குமாஸ்தா. மிஷன் பள்ளி வாத்தியார் மகன் என்பதால் தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் மூன்றும் கோணாமல் எழுத வந்தது. சித்தூர் கலெக்டர் ஆபீஸ் மதில் ஓரமாக உட்கார்ந்து, தமிழ் மட்டுமே தெரிந்த குடியானவர்களுக்குத் தெலுங்கில் மனு எழுதிக் கொடுத்தேன். திருமலையில் கூலி வேலை பார்த்தவர்கள், ரேணிகுண்டா ஒர்க்‌ஷாப் ஆட்கள், எல்லோரும் வந்தார்கள். வந்தவர்கள் அழுவார்கள், சாபம் விடுவார்கள். நான் நிறுத்தச் சொல்லுவேன். "அழாதய்யா. பேரு, ஊரு, இடம், குறை. நாலும் இருந்தாதான் அர்ஜி. ஒண்ணு கொறஞ்சாலும் அது வெறும் பொலம்பல், தூக்கிப் போட்டுடுவான்." இது ஊரில் பழமொழி மாதிரியே ஆகிவிட்டது. எதிரிகள்கூட என்னைக் கிண்டலாக 'நாலு சங்கதி' என்றுதான் கூப்பிட்டார்கள். கட்சி என்னைத் தேர்தலில் நிறுத்தியதும் ஜனங்கள் ஓட்டுப் போட்டதும் அந்த நாலு சங்கதிக்காகத்தான்.

புத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் நாற்பது குடும்பங்கள் இரண்டு தலைமுறையாக உழுத நிலத்தை ஒரு பெரிய மனிதர் தன்னுடையது என்று சொன்ன விவகாரம் உனக்கு நினைவிருக்கும். அந்த நாற்பதில் ஒருவர் முனுசாமி. அந்தப் பெரிய மனிதரின் தயவு அடுத்த தேர்தலில் கட்சிக்குத் தேவைப்பட்டது. "இந்த செஷன்ல வாய் தெறக்காதீங்க தோழரே" என்று மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். நான் பார்லிமெண்டில் எழுந்து நின்றேன். நாற்பது பேருடைய பெயரையும் ஊரையும் சர்வே நம்பரையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். உட்காரச் சொன்னார்கள், படித்தேன். மைக்கை நிறுத்தினார்கள், தொண்டை கிழியப் படித்தேன். இருபத்தேழாவது பெயரில் காவலர்கள் வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பேப்பரில் செய்தி வந்த அன்றைக்கு நீ நம் வீட்டு வாசலில் ஸ்டூல் மேல் ஏறி நின்று, என் நோட்டிலிருந்து மீதிப் பதின்மூன்று பெயரையும் தெருவுக்கே கேட்கும்படி படித்தாயாம். அம்மா கடிதத்தில் எழுதியிருந்தாள். டில்லியில் அதைப் படித்துவிட்டு நான் பூரித்துப்போனேன். அன்றைக்கே நான் பயந்திருக்க வேண்டும்.

கட்சி என்னை நீக்கியது. அடுத்த தேர்தலில் சுயேச்சையாக நின்று டெபாசிட் இழந்தேன். ஆனால் பட்டா வந்துவிட்டது. பத்து வருட எம்.பி. வேலையில் நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான். முனுசாமி ஒரு கூடை மாம்பழத்தோடு வந்து, "சாமி, உங்க பதவி போயிதான் எங்க நெலம் வந்துகீது. இந்தக் கடன எப்படித் தீக்கப்போறமோ" என்று நின்றார். நான் பெரிய மனுஷத்தனமாகச் சிரித்தேன். அவர் எப்படித் தீர்த்தார் என்று உனக்குத் தெரியும்.

பிறகு எமர்ஜென்சி வந்தது. என்னைப் பிடித்துப் போனார்கள். ஐந்தாவது மாதம் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். இனி அரசியல் பேச மாட்டேன், அரசை ஆதரிக்கிறேன் என்று இருந்தது. கையெழுத்துப் போட்டேன். அம்மாவுக்கு ஆபரேஷன், அதனால்தான் போட்டேன் என்று ஊருக்கெல்லாம் சொன்னேன், உனக்கும் சொன்னேன். அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தது வாஸ்தவம். ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்னாலேயே எனக்குள் முடிவாகிவிட்டது. பயம், தம்பி. வேறொன்றும் இல்லை. பக்கத்து அறையில் ஒருவரை அடிக்கிற சத்தம் கேட்டது. அடுத்தது நான் என்று தோன்றியது. அவ்வளவுதான். விடுதலையாகி ரேணிகுண்டா ஸ்டேஷனில் இறங்கினேன். திருப்பதி காலேஜிலிருந்து நேராக நீ வந்து நின்றாய். மாலை கொண்டு வந்திருப்பாய் என்றுகூட ஒரு கிறுக்கு ஆசை எனக்கு. "கையெழுத்துப் போட்டியா, நைனா?" என்றாய். "ஆமாம்பா" என்றேன். என் பெட்டியைத் தூக்கிச் சித்தூர் பஸ்ஸில் வைத்துவிட்டு, "டிபன் துன்னியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டாய். நீ திட்டியிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும். அடுத்த வருடம் காலேஜையும் விட்டுவிட்டு, ஆயுதம் எடுத்தவர்களோடு சேர்ந்து மலைக்குப் போனாய். உன் பெட்டியைத் திறந்து பார்த்தபோது, என்னைக் காவலர்கள் தூக்கிப் போன செய்தி வந்த அந்தப் பேப்பர் துண்டு அடியில் இருந்தது. அதை நீ எடுத்துக்கொண்டு போகவில்லை.

இனி அந்த வாரம். நீ மலையில் விழுந்து கால் ஒடிந்து, புத்தூர் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாய் என்று முனுசாமியே நம் வீட்டுக்கு வந்து சொன்னார். அம்மாவுக்கு அப்போது நல்ல ஜுரம். கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "பயப்படாதீங்கோம்மா. எங்க ஊட்டுலதான் கீறான். கட்டு நல்லா கூடிகினு வருது. ஆனா ரெண்டு நாளா ஒடம்பு நெருப்பா சுடுது, வாய்க்கு வந்ததப் பேசிகினு கீறான்" என்றார். அவர் போனதும் அம்மா என்னைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவள் கோயிலில் ஜெபச் சீட்டு எழுதிப் போடுவாள். ஆராதனை நடுவில் போதகர் அதையெல்லாம் மைக்கில் படித்து எல்லோரும் ஜெபிப்பார்கள் அல்லவா. நீ போனதிலிருந்து ஒரு வாரம்கூட அவள் விட்டதில்லை. அந்த வாரம் அவளால் நடக்க முடியவில்லை. "எனக்காக ஒரே ஒரு தடவ நீங்க போயி சீட்டுப் போட்டுட்டு வாங்க. நம்ம புள்ள நெருப்பா சுடுதாம்" என்றாள். முப்பது வருடமாகக் கோயில் படி மிதிக்காதவன் போனேன்.

போகிற வழியில் ஸ்டேஷனரி கடையில் நின்று சீட்டு எழுதினேன். என்ன எழுதுவது? எனக்குத் தெரிந்தது ஒரே விதம்தான். உன் முழுப் பெயரை எழுதினேன். ஊர் எழுதினேன். 'புத்தூருக்கு மேற்கே, மாந்தோப்பை ஒட்டி, விவசாயி முனுசாமி இல்லத்தில்' என்று இடம் எழுதினேன். 'கால் எலும்பு முறிந்து, கடும் ஜுரத்தால் அவதியுறும்' என்று குறையும் எழுதினேன். கை தன் பாட்டுக்கு எழுதிக்கொண்டு போனது. அது மட்டும் இல்லை. இதையும் சொல்லிவிடுகிறேன், வெட்கமாக இருந்தாலும். அன்றைக்கு எனக்கு அந்த மனு பலிக்க வேண்டும் என்று இருந்தது. ஆண்டவர் என்று ஒருவர் இருந்து, அவரும் ஒரு செக்‌ஷன் ஆபீசராக இருந்து, விவரம் போதவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டால் உன் கதி என்ன என்று பயந்தேன். போதகர் புதிதாக வந்த இளைஞர். உள்ளதை உள்ளபடி மைக்கில் படித்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். வாசகம் நன்றாக அமைந்திருக்கிறது என்று எனக்குள் ஒரு திருப்தி வந்தது. அந்தத் திருப்தியை நினைத்தால் இப்போதும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நீ கேட்பாய், இத்தனை வருடம் போலீஸைப் பார்த்தவனுக்கு இதுகூடத் தோன்றவில்லையா என்று. தோன்றவில்லை. கோயிலில் பேசுவதெல்லாம் காற்றோடு போகும், ஜெபத்தை யாரும் கேட்பதில்லை என்று ஊர் ஊராகப் பேசியவன் நான். அதை நானே முழுசாக நம்பிவிட்டேன். கேட்க ஒருவன் இருந்தான். மூன்று மாதமாகக் கோயிலுக்கு வந்துகொண்டிருந்தவன், அன்றைக்கு என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். புதிதாக மாற்றலாகி வந்த பேங்க் ஆள் என்று சபையில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். எனக்குப் பாட்டுப் புத்தகத்தில் பக்கம்கூட எடுத்துக் கொடுத்தான்.

மறுநாள் விடியற்காலை நடந்தது எனக்குக் கேள்விதான், உனக்கு நேரில் தெரியும். முனுசாமி வாசலை மறித்து நின்றார், நீ கட்டுக் காலோடு கரும்புத் தோட்டத்துக்குள் தவழ்ந்து போனாய், அவரை அடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். அதற்கு அடுத்த வாரம் ஒரு இன்ஸ்பெக்டர் நம் வீட்டுக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சிரித்தார். "ஏமி சார், நீங்க அர்ஜி எழுதினா எழுதினதுதான் சார். பேரு, ஊரு, இடம், குறை, ஒண்ணுகூட மிஸ் ஆகலே. வழியில ஒரு ஆளை விசாரிக்கிற வேலைகூட எங்களுக்கு இல்லே." என் ஜெபச் சீட்டுதான் அவர்களுக்கு வழி காட்டியது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் முன்னால் நான் அழுதுவிட்டேன். காவலர்கள் தூக்கிப் போனபோது அழாதவன்.

அம்மா உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். அவர் போனதும் என்னை உள்ளே கூப்பிட்டாள். அவளுடைய ஜெபச் சீட்டுகளில் என்ன எழுதுவாள் என்று அன்றைக்குத்தான் கேட்டேன். 'தூரத்தில் இருக்கும் ஒரு பிள்ளைக்காக.' அவ்வளவுதானாம், மூன்று வருடமாக அதே வரி. அதைச் சொல்லிவிட்டு, "ஆண்டவருக்கு அட்ரஸ் எதுக்குங்க?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.  

நான் அப்போதே ஊருக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. காட்டிக்கொடுத்தவன் என்று பேசினார்கள். பேசட்டும் என்று இருந்தேன். அதுகூட ஒரு விதத்தில் சௌகரியம்தான். துரோகி என்றால் கொஞ்சமாவது பெரிய மனிதன். முட்டாள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. மாதம் ஒரு தரம் முனுசாமி வீட்டுக்குப் போவேன். அவர் மனைவி கன்னியம்மா, உனக்காகப் புருஷனைப் பறிகொடுத்தவள், எனக்கு இலை போட்டுச் சோறு போடுவாள். இந்தக் கடிதம் பத்திரிகையில் வருவதற்கு முன்னால் அவளுக்குத் தெரிய வேண்டும் என்று போன செவ்வாய்க்கிழமை போய்ச் சொன்னேன். முழுசும் கேட்டாள். கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "ஆறு வருசமா எங்கூட்டுல துன்னுட்டுப் போனியே சாமி" என்றாள்.  கதவைச் சாத்தவில்லை. நான்தான் எழுந்து வந்தேன்.

ஒரு தகப்பன் கடிதம் எழுதினால் நாலு புத்தி சொல்ல வேண்டும். எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆனாலும் சொல்கிறேன், பட்டவன் சொல்கிறேன். கொள்கைக்காக உயிரைக் கொடு என்று மேடைக்கு மேடை பேசினேன்; கொடுக்கிற உயிர் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரனுடையது என்று ஒரு மேடையிலும் சொல்லவில்லை. நீ எந்த வீட்டில் தங்கினாலும் அந்த வீட்டுப் பெண் தன் பங்கைக் குறைத்துக்கொண்டு உனக்குப் போடுகிறாளா என்று பார். அவர்களுக்குப் பிள்ளைகள் இருந்தால் இரண்டாம் நாள் தங்காதே. கைகால் நடுங்கினால் நடுங்குகிறது என்று கூட இருப்பவர்களிடம் சொல்லிவிடு. நான் ஜெயிலில் பக்கத்துப் படுக்கைக்காரரிடம் அதைச் சொல்லியிருந்தால் அவர் என்னைப் பிடித்து நிறுத்தியிருப்பார். வீரன் என்று ஊர் சொன்னதால் பயத்தை ஒளித்து வைத்தேன். ஒளித்து வைத்த பயம்தான் கடைசியில் பேனாவைப் பிடித்தது. உன்னைத் திரும்பி வரச் சொல்லவோ, அங்கேயே இரு என்று சொல்லவோ எனக்கு வழி தெரியவில்லை. நான் போன வழியும் உருப்படவில்லை, நீ போன வழியும் எனக்கு விளங்கவில்லை. ராத்திரி பகலாக இதையே யோசித்துப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது.

இந்தக் கடிதத்தின் முதல் பிரதியை நேற்று எழுதி முடித்தேன். அதில் உன்னை வா என்று கூப்பிட்டிருந்தேன். எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு, எத்தனையாவது கட்டில், பார்வை நேரம் எப்போது, எந்தப் பக்கத்து கேட்டில் கூட்டம் அதிகம் என்று எல்லாம் விவரமாக எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தேன். பெயர், ஊர், இடம், குறை. நாலும் இருந்தன.  துண்டு துண்டாகக் கிழித்து, ஆஸ்பத்திரிக் குப்பையில்கூடப் போடாமல், வாயில் போட்டு மெல்லாத குறையாகக் கொளுத்தினேன். அம்மாவிடம் அதைச் சொன்னேன். அவளுக்கு இப்போது கண் சுத்தமாகத் தெரியவில்லை. என் கையைத் தடவித் தேடிப் பிடித்துக்கொண்டாள். "வரச் சொல்லாதீங்க. இருக்கச் சொல்லுங்க" என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுதாள் என்று முதுகைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அதனால், வராதே. உன்னைப் பெற்றவள் செத்துக்கொண்டிருக்கும்போது ஒரு தகப்பன் எழுதுகிற வார்த்தையா இது? வராதே. ஒரு வெற்றுக் கார்டாவது போடு, நீ இருக்கிறாய் என்று அவள் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதப் பேனா எடுத்தேன். கார்டில் தபால் முத்திரை விழும், முத்திரையில் ஊர் பெயர் இருக்கும். அதுவும் வேண்டாம். எதுவும் வேண்டாம், கண்ணு.

கார்டை நானே எழுதப் போகிறேன். நாளைக்குக் காலையில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உன்னிடமிருந்து வந்தது என்று அவளுக்குப் படித்துக் காட்டுவேன். ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்தவனுக்கு இதுவா வராது? சௌக்கியம் என்று எழுதுவேன். கால் நன்றாகக் கூடிவிட்டது, நடக்கிறேன் என்று எழுதுவேன். வேளாவேளைக்குத் துன்னுகிறேன் என்று, நீ சொல்வது போலவே எழுதுவேன். அவள் அதோடு விடமாட்டாள், எனக்குத் தெரியும். "உங்களப் பத்தி இன்னா எழுதிகீறான்?" என்று கேட்பாள். ஆறு வருடமாக அவள் காத்துக்கொண்டிருப்பது அந்த வரிக்குத்தான். நானும்தான். உன் கையெழுத்தில் எதை வேண்டுமானாலும் பொய்யாக எழுதிவிடுவேன். அந்த ஒரு வரியை மட்டும் நீ சொல்லாமல் எழுத மாட்டேன்.